அஞ்சாவது நட்டு

வெள்ளக்கரட்டுக்கு அந்தக் கார் லாரியில் வந்து இறங்கியபோது ஊரே கூடி நின்று வாயைப் பிளந்தது. ஆனால் அதன் நிழல் வேறொரு காருடைய நிழல் என்பதை முதலில் பார்த்தவன் காவலுக்குப் போட்டிருந்த வாட்ச்மேன்தான். அவனும் ஒன்றும் பதறிவிடவில்லை, கொட்டாவி விட்டுக்கொண்டே கம்பெனிக்குப் போன் போட்டு, "சார், வண்டி புதுசா நிக்குதுங், நிழலு பழசா உழுகுதுங்" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து மேனேஜர், "வண்டியில கீறல் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார். "இல்லீங்" என்றான். "அப்ப விடுப்பா" என்று அவர் வைத்துவிட்டார்.

காரைப் பற்றிச் சொல்லாமல் நிழலைப் பற்றிச் சொன்னால் விளங்காது. கோயமுத்தூரில் ஒரு பெரிய மில் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பேரன் நிஷாந்த், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து நான்கு வருஷம் சோறு தண்ணி பார்க்காமல் செய்த கார் அது. மயில்கழுத்து நீலத்தில், தரையோடு தரையாகப் படுத்து, கதவு இரண்டையும் றெக்கை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு, எண்ணூறு குதிரை சக்தியோடு நின்றது. ஆனால் அதன் மூக்கும் முதுகும் நடுவில் ஓடிய வெள்ளைக் கோடும் பதினொன்று என்ற நம்பரும் நிஷாந்துக்குத் தோன்றியவை அல்ல, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அதே மில்லின் ஷெட்டில் கையால் தட்டிச் செய்த ஒரு ரேஸ் காருடையவை. அந்தப் பழைய காருக்கு மயில் என்று பேர், கூரை கிடையாது, ஓட்டுகிறவரின் தலை வெளியே தெரியும். சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறக்கப் போட்டுவிட்டுப் போன சிமென்ட் தளம் ஒன்று வெள்ளக்கரட்டில் இன்னும் கிடக்கிறது, ஊரில் அதற்கு ஏரோப்பிளேன் காடு என்று பேர். மாசி மாசம் அதில்தான் ரேஸ் நடக்கும், அதில்தான் மயில் ஓடியது, அதில்தான் எரிந்தது.

எரிந்த காரில் மிஞ்சியது ஏழு போட்டோ. அந்த ஏழை வைத்துத்தான் கம்பெனிப் பிள்ளைகள் புதுக் காரை அளந்து வரைந்தார்கள். அதில் ஒரு போட்டோ, கொடி கீழே இறங்குவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்தது. அதில் இடது பின்சக்கரத்தின் அருகில் ஒரு ஆள் குந்தியிருந்தான், ஒரு கை சக்கரத்தில், ஒரு கை மேலே. அந்த ஆள் வேண்டாம் என்று மில் குடும்பத்தில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டரில் அவனைச் சுத்தமாக அழித்தார்கள். ஆளை அழித்தவர்களுக்குத் தரையில் கிடந்த அவன் நிழலை அழிக்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் காரணம் என்று ஏதாவது கேட்டால் இதை வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் என்னிடம் இல்லை.

புதுக் காரின் முதல் ஓட்டம் மாசி மாதம் பதினெட்டாம் தேதி என்று குறித்திருந்தார்கள், பழைய மயில் எரிந்த அதே நாள். பன்னிரண்டு நாள் முன்னதாகவே காரைக் கொண்டுவந்து, போட்டோவில் நின்ற அதே இடத்தில், அதே திக்கைப் பார்த்து, நாலு பக்கமும் கயிறு கட்டி, வெட்டவெளியில் நிறுத்தினார்கள். சூரியன் ஏறியதும் சிமென்ட் தரையில் நிழல் விழுந்தது. கூரை இல்லாத கார், அதில் தொப்பி போட்ட உருண்டைத் தலை, இடது பின்சக்கரத்தை ஒட்டிக் குந்தியிருக்கும் ஒரு ஆள், தூக்கிய கை.

இரண்டாம் நாள் காலையில் அங்காத்தாள் அதைப் பார்த்தாள்.

அங்காத்தாளுக்கு அறுபத்தொன்பது வயது, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. தினமும் காலையில் முகம் கழுவிவிட்டு ரசம் போன கண்ணாடியின் முன்னால் நின்று, மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு, வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நிற்பாள், பிறகு வைத்துக்கொள்வாள். அந்த ஒரு நிமிஷத்தை அவள் ஐம்பது வருஷமாக நின்றுகொண்டிருந்தாள். ஏனென்றால் அவள் புருஷன் ராக்கியப்பன் செத்தானா இருக்கிறானா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பழைய மயிலின் மெக்கானிக் அவன். கார் கிளம்பியதும் அதன் பின்னாலேயே ஓடினான், புழுதிக்குள் போனான், அவ்வளவுதான், திரும்பி வரவில்லை. பம்பாயில் பார்த்தேன் என்று ஒருத்தர், கிணற்றில் விழுந்தான் என்று ஒருத்தர், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கிணறுகளை எல்லாம் இறைத்துப் பார்த்தார்கள். பம்பாயைத்தான் யாராலும் இறைக்க முடியவில்லை.

அங்காத்தாள் கயிற்றுக்கு அப்பால் நின்று அந்த நிழலை உற்றுப் பார்த்தாள். குந்தியிருக்கும்போது வலது முழங்காலை மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கிற பழக்கம், தலையில் பின்பக்கமாக முடிந்த துண்டு, தூக்கிய கையில் பாதி இல்லாத சுண்டுவிரல். வேறு யாருக்கு இருக்கும் அது? "ஐயோ, மாமா" என்றாள். கூட்டத்தில் ஒருத்தன் திரும்பிப் பார்த்துவிட்டு, "முடுக்கன் பொண்டாட்டி வந்துருக்குது, அக்கட்டால நிக்கச் சொல்லுங்கப்பா" என்றான்.

இந்த முடுக்கன் கதையைச் சொல்லியாக வேண்டும். முடுக்கு என்ற வார்த்தைக்கு எங்கள் பக்கம் இரண்டு அர்த்தம். நட்டை முடுக்கு என்றால் இறுக்கித் திருகு என்று அர்த்தம். வண்டியை முடுக்கு என்றால் விரட்டி ஓட்டு என்று அர்த்தம். நாங்கள் பிறந்ததிலிருந்து இரண்டையும் பேசுகிறோம், ஒருநாளும் குழம்பியதில்லை, அந்த ஒருநாளைத் தவிர. ராக்கியப்பனின் வேலை முறை எப்படியென்றால், காரை ஒரு சுற்று ஓடவிட்டு, சக்கரம் சூடேறிய பிறகுதான் நட்டுகளைக் கடைசியாக இறுக்குவான், அப்போதுதான் பிடி நிற்கும் என்பான். அன்று காலையில் கம்மங்கூழைக் குடித்துக்கொண்டே அவளிடம், "இடது பின்சக்கரந்தான் புள்ள கொஞ்சம் முரண்டு பண்ணுது, கெளம்பறதுக்கு முன்னால அஞ்சு நட்டையும் முடுக்கோணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அங்கே கொடி சீக்கிரமாகவே மேலே போய்விட்டது. இவன் ஸ்பேனரைச் சக்கரத்தில் வைத்தபடி மற்ற கையைத் தூக்கி, "சின்னவரே, முடுக்கோணும்! முடுக்கோணும்!" என்று கத்தினான். ஓட்டியவர் மில் முதலாளியின் இளைய மகன், சின்னவர் என்பார்கள், ஊட்டியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவர், தமிழ் பாதிதான் வரும். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், முடுக்கினார். மூன்றாம் வளைவில் சக்கரம் கழன்று தனியாக ஓடியது, கார் புரண்டு எரிந்தது, சின்னவர் அதோடு போனார்.

விசாரணையில் அத்தனை பேரும் ஒரே சாட்சி சொன்னார்கள். அவன்தான் முடுக்கு முடுக்கென்று ஏத்திவிட்டான், நட்டு லூசு என்று தெரிந்தே ஏத்திவிட்டான், எதிராளிகளிடம் காசு வாங்கியிருப்பான், இல்லாவிட்டால் எதற்கு ஓடிப்போகிறான் என்றார்கள். மைக்கில் ரேஸை அறிவித்துக்கொண்டிருந்த குப்பண்ணன், முப்பதடி தூரத்தில் நின்றவர், அவரும் அதையேதான் சொன்னார். பத்தொன்பது வயசு அங்காத்தாள் மட்டும், "நட்டைச் சொன்னாருங், நட்டைத்தானுங் சொன்னாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பொண்டாட்டி வேறெப்படிச் சொல்லுவாள் என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் முடுக்கன், இவள் முடுக்கன் பொண்டாட்டி. ஊரில் யார் புது வண்டி வாங்கிப் பூஜை போட்டாலும் அவள் தெருமுனையிலேயே நின்றுகொள்ள வேண்டும், ஆட்டோக்காரன் அவளை இறக்கிவிட்டால் முன்சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் அடுத்த சவாரி ஏற்றுவான். அவன் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, எல்லாரும் செய்கிறார்களே என்று அவனும் செய்தான்.

இப்போது ஊர் அந்த நிழலை என்ன செய்தது என்று கேளுங்கள்.

மூன்றாம் நாள் ஒரு பெண், காய்ச்சல் விடாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, வாட்ச்மேனைக் கெஞ்சிக் கயிற்றைத் தாண்டி, அந்தத் தூக்கிய கையின் நிழலுக்குள் கொஞ்ச நேரம் கிடத்தினாள், சாயங்காலம் காய்ச்சல் விட்டது. மருந்தும் கொடுத்திருந்தாள், அதை யார் கேட்டார்கள்? நான்காம் நாள் இருபது குழந்தைகள். ஐந்தாம் நாள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து அந்தக் கைக்கு அடியில் வைத்து எடுத்துப் போனார்கள். நிழல்சாமி என்று பேர் வைத்தாகிவிட்டது, தூக்கிய கை ஆசீர்வாதக் கை என்று முடிவாகிவிட்டது. வார்டு மெம்பர் வரிசைக்குச் சவுக்குக் கம்பு நட்டார். இளநீர்க்காரர் இரண்டு பேர் வந்தார்கள். வெயில் தாங்க முடியவில்லை, பந்தல் போடலாம் என்று ஒருத்தர் சொல்ல, பந்தல் போட்டால் சாமி எங்கே விழுவார் என்று இன்னொருத்தர் கேட்க, அரைநாள் அடிதடி ஆகிப் பந்தல் வேண்டாம் என்று தீர்ந்தது. பூசாரி கற்பூரம் காட்டப் போனார், கற்பூர வெளிச்சத்தில் புதுக் காரின் சொந்த நிழல் பொம்மை மாதிரி இந்தப் பக்கம் விழுந்து ஆடியதைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் காட்டக் கூடாது, தண்ணீர் மட்டும் தெளிக்கலாம் என்று தாமாகவே ஒரு ஆகமம் உண்டாக்கினார். காலேஜிலிருந்து இரண்டு புரொபசர்கள் வந்து சூரியனையும் காரையும் நிழலையும் டேப் வைத்து அளந்தார்கள், கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது, நிழல்தான் தப்பு என்று சொல்லிவிட்டு, சூடாக ஆளுக்கு நாலு போண்டா தின்றுவிட்டுப் போனார்கள்.

அங்காத்தாள் தூரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். ஐம்பது வருஷம் யார் பேரைக் காறித் துப்பினார்களோ அவன் காலடியில் விழுந்து கும்பிடுகிறது ஊர், அவன் பொண்டாட்டி பக்கத்தில் வந்தால் தீட்டு என்கிறது. "அது என்ற ஊட்டுக்காரருங்" என்று வரிசையில் நின்ற ஒருத்தியிடம் சொன்னாள். அவள், "சாமியப் போயி அப்படிச் சொல்லாதீங்கக்கா, நாக்கு அழுகிப்போயிரும்" என்றாள். அங்காத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க ஆரம்பித்து அப்படியே அழுகையில் போய் முடிந்தது.

கும்பிட்டவர்கள் எல்லாரும் தூக்கிய கையைத்தான் பார்த்தார்கள். கீழே இருந்த கையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கையில் ஸ்பேனர் இருந்தது. அது அசைந்தது. கண்ணுக்குத் தெரிகிற அசைவில்லை. காலையில் ஒரு நிலையில் இருக்கும், வேலை முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தால் கொஞ்சம் திரும்பியிருக்கும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நட்டுக்கு மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் முடிவில் ஸ்பேனர் ஒரு நட்டிலிருந்து கழன்று அடுத்த நட்டுக்குப் போனது. ஆறாம் நாள் மூன்றாவதுக்குப் போனது. அவள் பிசிறு வெட்டிக்கொண்டே விரல்விட்டு எண்ணினாள். ஐந்து நட்டு, பதினைந்து நாள். கார் நிற்கப்போவது பன்னிரண்டு நாள். நாலு நட்டு முடியும்போது கொடியை இறக்கிவிடுவார்கள், அஞ்சாவது நட்டு நின்றுவிடும். ஐம்பது வருஷமாக அந்த மனுஷன் எந்த இருட்டில் குந்தியிருந்தானோ தெரியாது, இப்போதுதான் மறுபடி வெயிலும் சக்கரமும் கிடைத்து விட்ட வேலையைச் செய்கிறான், அதை முடிக்கிறதுக்குள் இன்னொரு சின்னவர் ஏறி உட்கார்ந்து, இன்னொரு தடவை சிரித்து, இன்னொரு தடவை செத்து, இன்னொரு தடவை இவன் கொலைகாரன் ஆகப்போகிறான். அவளுக்கு வேண்டியது மூன்று நாள். மூன்றே நாள்.

பத்தாம் நாள் குப்பண்ணன் வீட்டுக்குப் போனாள். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. பதினெட்டாம் தேதிக்கும் அவர்தான் மைக், பழைய ரேஸ் குரல் வேண்டும் என்று நிஷாந்த் கேட்டு வாங்கியிருந்தான்.

"அண்ணா, உங்களைத் தம்பி மதிக்குது. மூணு நாளு தள்ளி வெக்கச் சொல்லுங்க. அவரு வேலைய முடிச்சுருவாரு."

"ஆரு அம்மிணி?"

"ராக்கியப்பனுங்."

குப்பண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அங்காத்தா, உன்ற மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லை. ஆனா நாங் காதால கேட்டவன். முடுக்கோணும்னுதான் சொன்னான், நாஞ் சத்தியம் பண்ணிச் சொன்னேன்."

"நீங்க கேட்டது நெசந்தானுங்கண்ணா. அவரு சொன்னதுந்தான் நெசம்."

"நட்டு லூசுன்னா ஒரு மனுசன் என்ன சொல்லுவான்? நில்லும்பான். நிறுத்தும்பான். முடுக்குன்னு ஆராச்சும் சொல்லுவானா?"

ஐம்பது வருஷமாக அவளை அரித்ததும் அதுதான். நில்லு என்று ஒரு வார்த்தை, மூன்றே எழுத்து, அதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று எத்தனை தடவை சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு நொந்திருக்கிறாள்! எழுந்து வந்துவிட்டாள்.

பதினொன்றாம் நாள் நிஷாந்த் வந்தான். முப்பது வயசு இருக்கும், நல்ல பையன், எல்லாருக்கும் வணக்கம் சொன்னான், நிழலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், ஓட்டுகிறவரின் தலை நிழலைப் பார்த்து, "தாத்தா" என்றான். அவன் தாத்தாவின் தம்பிதான் சின்னவர். வாட்ச்மேன் அசந்த நேரத்தில் அங்காத்தாள் கயிற்றுக்குள் குனிந்து போய் அவன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள்.

"சாமி, மூணு நாளு கழிச்சு ஓட்டு கண்ணு. இன்னும் ஒரு நட்டு பாக்கி இருக்குது."

அவனுக்கும் தமிழ் பாதிதான். ஆனால் மரியாதைக்காரன், குனிந்து கேட்டான், சிரித்தான். "பாட்டி, இந்தக் கார்ல அஞ்சு நட்டே இல்ல. சக்கரத்துக்கு நடுவுல ஒரே ஒரு நட்டு. அதையும் கம்ப்யூட்டர் செக் பண்ணியாச்சு. பயப்படாதீங்க."

"உன்ற வண்டிக்கில்ல சாமி. அதுக்கு." கையை நீட்டித் தரையைக் காட்டினாள். "அதுவும் உன்றகூடத்தான ஓடப்போகுது?"

"கெஸ்ட் எல்லாம் டிக்கெட் போட்டாச்சு, பாட்டி. டேட் மாத்த முடியாது." யாரோ கொடுத்த நீலத் தொப்பி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தான், மயில் படம் போட்டது. "நீங்களும் வாங்க. உங்க பேர் என்ன?"

"ராக்கியப்பன் சம்சாரமுங்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "எங்க வீட்ல அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம்" என்றான், மெதுவாகத்தான் சொன்னான், திரும்பி நடந்துவிட்டான். அவளுடைய கையில் தொப்பி மட்டும் இருந்தது. அதைக் கீழே போடவும் மனசில்லை, வெயிலுக்கு ஆகும் என்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பதினெட்டாம் தேதி காலையில் அங்காத்தாள் கண்ணாடிமுன் ஒரு நிமிஷம் நின்று குங்குமம் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழி முழுக்க ஒரே வார்த்தையை உருப்போட்டுக்கொண்டே போனாள். நில்லு, நில்லு, நில்லு. குறுக்கே பாய்வது, கத்துவது, நில்லு என்று கத்துவது. அவன் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதானே, ஒரு வார்த்தைதானே.

ஏரோப்பிளேன் காட்டில் கால் வைக்க இடமில்லை. டிரம்முகளை வைத்து வளைவுகள் கட்டியிருந்தார்கள், கலர் துணிகள், செண்டை மேளம், வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர், மற்றவர்கள் எல்லாம் நிழல்சாமியைக் கும்பிட வந்த ஜனம். காரின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். குப்பண்ணன் மேடையேறி மைக்கைப் பிடித்ததும் பழைய குரல் காட்டின் மூலை வரைக்கும் போனது. நிஷாந்த் ஹெல்மெட்டோடு வந்தான், கதவு மேலே ஏறியது, உட்கார்ந்தான், கதவு இறங்கியது. கீழே நிழலில் உருண்டைத் தலை லேசாக நிமிர்ந்தது. பின்சக்கரத்தில் ஸ்பேனர் அஞ்சாவது நட்டைப் போய்ப் பிடித்தது, அப்போதுதான் பிடித்தது. என்ஜின் உறுமியது. கொடி மேலே போனது.

அங்காத்தாள் சவுக்குக் கம்பைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். இரண்டு வாட்ச்மேன்கள் பிடிக்க வந்தார்கள், சேலை கிழிந்தது, அவள் நிற்கவில்லை. காரின் பின்பக்கம், நிழலின் பக்கத்தில், அவன் குந்தியிருந்த இடத்துக்குச் சரியாக வந்துவிட்டாள். கண்ணுக்கு முன்னால் அந்த நட்டு, ஒரு சுற்றுகூட இறங்காத நட்டு. அதைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கண்ணு, முடுக்கோணும்! இன்னும் முடுக்கோணும்!"

கத்திய பிறகுதான் தன் காதில் விழுந்தது. ஐயோ என்று வாயைப் பொத்தினாள். நில்லு என்று உருப்போட்டது எங்கே போனதென்றே தெரியவில்லை. லூசான நட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற வாயில் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது, வேறு வார்த்தையே இல்லை. அந்த ஒரு நொடியில் அவளுக்கு ராக்கியப்பன் முழுசாக விளங்கிவிட்டான், மேலே மைக்கைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்த குப்பண்ணனும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். நிஷாந்த் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தான், கையைத் தூக்கிக் கூப்பாடு போடும் கிழவியைப் பார்த்தான், ராக்கியப்பன் சம்சாரமே வந்து வாழ்த்துகிறாள் என்று நினைத்திருப்பான் பாவம், முகம் மலர்ந்து கட்டைவிரலைக் காட்டினான். ஜனம் அவள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. "முடுக்கு! முடுக்கு!" என்று ஐயாயிரம் தொண்டை ஒன்றாகக் கத்தியது. கொடி இறங்கியது. எலுமிச்சம்பழங்கள் நாலும் நசுங்கின.

கார் போய்விட்டது. அங்காத்தாள் பின்னாலேயே ஓடினாள். அறுபத்தொன்பது வயசில், வெறுங்காலோடு, கொதிக்கிற சிமென்டில், "ஐயோ சாமி, ஐயோ சாமி" என்று ஓடினாள். பத்தடி ஓடியதும் பக்கத்தில் இன்னொரு நிழல் ஓடுவதைப் பார்த்தாள். அவள் நிழலுக்கு இடப்பக்கம், தலையில் துண்டு முடிந்த நிழல், ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கை மேலே தூக்கியபடி. அன்றைக்கு இப்படித்தான் ஓடினானா! ஓடிப்போனான் ஓடிப்போனான் என்று ஊர் சொன்னதே, இப்படியா ஓடிப்போனான்! மூச்சு வாங்கியது, நெஞ்சு அடைத்தது, அவள் ஓட்டம் குறைந்தால் அவனும் குறைத்தான். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பொண்டாட்டியும் ஒன்றாகப் போன வழி அதுதான்.

மூன்றாம் வளைவில் காரின் நிழலிலிருந்து இடது பின்சக்கரம் கழன்றது. சத்தமே இல்லை. வட்ட நிழல் ஒன்று தனியாக உருண்டு புல்லுக்குள் போனது, பழைய மயிலின் நிழல் மூன்று தடவை புரண்டு, உருண்டைத் தலை தனியாக விழுந்து, சிமென்டில் சிதறி மறைந்தது. புதுக் காருக்கு ஒரு கீறல் இல்லை. அது நிழலே இல்லாமல் வெயிலில் நீலமாகப் பறந்துபோய் வளைவைத் திரும்பி, அடுத்ததைத் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே போய் நின்றது. கை தட்டுகிறார்கள், செண்டை அடிக்கிறார்கள். நிழல் போனதை அப்போது யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம்தான் பார்த்தார்கள், ஒரு வாரம் வருத்தப்பட்டார்கள், பிறகு சவுக்குக் கம்புகளைப் பிடுங்கிக் கொண்டுபோனார்கள்.

ராக்கியப்பனின் நிழல் மட்டும் மூன்றாம் வளைவில் நின்றது. கார் சிதறிய இடத்தைப் பார்த்தபடி, கையை இறக்காமல் நின்றது. அங்காத்தாள் அதன் பக்கத்தில் போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. "செத்தது ஆரும் இல்லீங் மாமா, அந்தப் பையன் நல்லாருக்கறான்" என்றாள். நிழல் அசையவில்லை. "கையக் கீழ போடுங்க மாமா, வலிக்குமல்ல." நிழல் அசையவில்லை.

அப்போது ஒலிபெருக்கியில் குப்பண்ணன் பேசினார். அந்தக் குரல் நடுங்கி யாரும் கேட்டதில்லை.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் அம்பது வருசத்துக்கு முன்னால ஒரு சத்தியம் பண்ணேன். அது தப்புங்க. இப்பத்தான் அந்தம்மா வாயில கேட்டேன், இப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ராக்கியப்பன் வண்டிய ஓட்டச் சொல்லலீங்க. நட்டைச் சொன்னானுங்க. நட்டை முடுக்கோணும், முடுக்கோணும்னுதான் அவன் சொன்னான்!"

ஜனத்துக்கு எது காதில் விழுந்தது? கடைசி வார்த்தைதான். "முடுக்கு! முடுக்கு!" என்று மறுபடியும் கிளம்பியது கூச்சல், விசில் பறந்தது, செண்டைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், நிஷாந்தைத் தோளில் தூக்கினார்கள். குப்பண்ணன், "அதில்லீங்க, அதில்லீங்க" என்று சொன்னதும் அந்தக் கூச்சலில் போயிற்று. ஐம்பது வருஷம் காத்துக்கிடந்த வாக்குமூலத்தை அந்தக் காட்டில் முழுசாகக் கேட்டவர்கள் இரண்டே பேர்தான், அதில் ஒருத்தருக்கு உடம்பு இல்லை.

"கேட்டீங்களா மாமா?" என்றாள் அங்காத்தாள்.

தூக்கியிருந்த கை மெல்ல இறங்கியது. தோள் வரைக்கும், பிறகு இடுப்பு வரைக்கும். மற்ற கையிலிருந்த ஸ்பேனரின் நிழல் நழுவிச் சிமென்டில் விழுந்தது. உச்சிவேளை ஆகிக்கொண்டிருந்தது, அவள் நிழலும் அவன் நிழலும் சுருங்கிக்கொண்டே வந்தன. அவளுடையது அவள் மடிக்குள் வந்து நின்றது, அவனுடையது வந்து நிற்பதற்கு ஆள் இல்லை, சுருங்கிச் சுருங்கிக் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கையகலம் ஆகி, பிறகு வெறும் வெயில்.

அவள் ரொம்ப நேரம் அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்த நீலத் தொப்பியை எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்தாள். தொப்பியில் குங்குமம் ஒட்டிக்கொண்டு வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் துடைத்தாள். மறுநாள் காலையில் கண்ணாடியின் முன்னால் நிற்கவில்லை, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பிசிறு வெட்டப் போனாள்.